பழசைச் சூடு பண்ணாதே

முகாமுக்கு நான் தூக்கிக்கொண்டு போன பையில் நாலு சட்டை, ஒரு போர்வை, கொசுவத்திப் பெட்டி, அப்புறம் மடித்து வைத்த மூன்று தாள்கள் இருந்தன. தாள்களில் வசனம். ஒன்று கட்டபொம்மன், ஒன்று கர்ணன், இன்னொன்று நானே எழுதிய குடிகார அப்பா. மூன்றுக்குமே பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பரிசு வாங்கியிருந்தேன். நடிப்பு முகாம் என்றால் போனவுடன் "நடிச்சுக் காட்டு" என்பார்கள், இந்த மூன்றையும் இறக்கிவிட்டால் மீதி நாளெல்லாம் மற்ற பசங்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று நிஜமாகவே நினைத்திருந்தேன். பதினேழு வயது.

அது 2012 மே. கத்திரி வெயில். அந்த வருஷத்து மின்வெட்டைச் சென்னைக்கு வெளியே இருந்த யாரும் மறந்திருக்க முடியாது, கரண்ட் இல்லாத நேரத்தைவிட இருந்த நேரத்தை எண்ணுவதுதான் சுலபம். புதுக்கோட்டையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, தைலமரக் காட்டை ஒட்டி, விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தைப் பத்து நாளைக்குக் கேட்டு வாங்கியிருந்தார்கள். இருபத்துநாலு பேர். பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிவிட்டு ஜமுக்காளம் விரித்துத் தூக்கம், காலையில் கம்பங்கூழும் மோர்மிளகாயும். சொல்லிக்கொடுக்க வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா, பல வருஷம் வீதி நாடகம் போட்டவர். முதல் காரியமாக எங்கள் பெயர்களைப் பிடுங்கிக்கொண்டார். இனி ஊர்ப் பெயர்தான். நான் அறந்தாங்கி. பக்கத்தில் மணப்பாறை, எதிரே பண்ருட்டி, அந்த மூலையில் செய்யாறு.

நடித்துக் காட்டச் சொல்லி யாருமே கேட்கவில்லை. ஒருவரை ஒருவர் கண்ணாடியாகப் பாவித்துக் கையைத் தூக்குவது, இல்லாத பந்தை எறிந்து பிடிப்பது, கண்ணை மூடிக்கொண்டு நடப்பது என்று இரண்டு நாள் ஓடிவிட்டது. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் நானே போய்க் கேட்டேன். "அக்கா, ஒரு வசனம் பேசிக் காட்டட்டுமா?"

கட்டபொம்மனை அப்படியே இறக்கினேன். பசங்கள் விசிலடித்தார்கள். அக்கா முழுசாகக் கேட்டுவிட்டு, "நல்லாருக்கு தம்பி. யார்கிட்ட பேசின?" என்றார்.

"ஜாக்சன் துரைகிட்டக்கா."

"எங்க நின்னான் அவன்?"

முழித்தேன்.

"சரி, நடுவுல அவன் தும்மியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "இது நேத்து வடிச்ச சோறு. நல்ல சோறுதான், வேணாம்னு சொல்லல. ஆனா இந்தப் பத்து நாளும் பழசைச் சூடு பண்ணாதே."

எழுதி வைக்காமல் அந்தந்த நொடியில் பேசி நடிப்பதற்கு இம்ப்ரோவைசேஷன் என்று பெயர். அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேள்விப்பட்டிருக்கிறேன். வசனம் மறந்துபோனால் சமாளிப்பது என்றுதான் அதற்கு அர்த்தம் வைத்திருந்தேன். சமாளிப்பதில் நான் கெட்டிக்காரன். ஆண்டுவிழாவில் கர்ணனின் கவசம் கழன்று விழுந்தபோது அதை வைத்தே நாலு வரி பேசிக் கைதட்டு வாங்கியவன். ஆனால் அந்த நாலு வரியையும் எதிரே நின்ற கிருஷ்ணனைப் பார்க்காமலேதான் பேசினேன் என்பது அன்று ராத்திரி ஜமுக்காளத்தில் படுத்திருக்கும்போதுதான் உறைத்தது.

டீ கிளாஸ் கதையைச் சொல்ல வேண்டும். எல்லாரும் இல்லாத டீயைக் குடிக்க வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. ஊதி, உறிஞ்சி, சூட்டில் உதட்டைச் சுளித்துப் பிரமாதமாகக் குடித்து முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். "கிளாஸ் எங்க?" என்றார் அக்கா. கீழே பார்த்தேன், ஏதோ நிஜமாகவே உடைந்து கிடப்பது மாதிரி. எடுத்த பொருளை எங்காவது வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அது விழுந்துவிட்டது என்று கணக்கு. அந்தக் கணக்கைப் பண்ருட்டி கரும்பலகையில் எழுத ஆரம்பித்தான். முகாம் முடியும்போது என் பெயருக்கு நேரே முப்பத்தொரு கிளாஸ்.

கயிறு இழுப்பது இன்னும் மோசம். இரண்டு அணி, நடுவில் இல்லாத வடம். இரண்டு பக்கமும் ஜெயித்துக்கொண்டே இருந்தோம். ஒரு கயிறு எப்படி இரண்டு பக்கமும் போகும்? சவ்வு மிட்டாய் மாதிரி நீண்டுகொண்டே இருந்தது. அரை மணி நேரம் கழித்து செய்யாறு திடீரென்று கால் வழுக்கி முன்னால் வந்து விழுந்தாள், வேண்டுமென்றேதான்; அவளுக்குப் பின்னால் நின்ற பதினோரு பேரும் சரிந்தோம். அந்த ஒரு நொடி என் உள்ளங்கையில் கயிறு எரிந்தது, சத்தியமாக. யாராவது ஒருவர் தோற்கச் சம்மதித்தால்தான் கயிறு வரும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தோற்பதற்காகவா முகாமுக்கு வந்தோம்?

நாலாம் நாள் ராத்திரி கரண்ட் போய், மெழுகுவத்தியும் தீர்ந்து, எல்லாரும் முற்றத்தில் கிடந்தபோதுதான் இந்த விளையாட்டுகள் எங்கிருந்து வந்தன என்று அக்கா சொன்னார். எங்களுக்குச் சொன்னது சுருக்கம், பின்னால் நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். வயோலா ஸ்போலின் என்று ஒரு பெண்மணி, 1906-ல் பிறந்தவர். சிகாகோவில் பிழைக்க வந்து குடியேறிய ஏழைகளுக்காக 1889-லிருந்தே ஹல் ஹவுஸ் என்று ஒரு சமூக இல்லம் நடந்துவந்தது. அங்கே நீவா பாய்ட் என்பவரிடம் இருபதுகளில் விளையாட்டு மூலம் சொல்லிக்கொடுப்பதைப் பயின்றார் ஸ்போலின். முப்பதுகளின் கடைசியில், பொருளாதார மந்தத்துக்காக அரசாங்கம் தொடங்கிய வேலைத் திட்டத்தில் அவருக்கு நாடகப் பொறுப்பு. வந்த பிள்ளைகள் பல நாட்டுக்காரர்கள், பல மொழிக்காரர்கள். அவர்களை உட்கார வைத்து நடிப்பு இலக்கணம் நடத்த முடியுமா? அதனால் ஒவ்வொரு பாடத்தையும் ஒரு விளையாட்டாக மாற்றினார். நாங்கள் எறிந்த இல்லாத பந்தும் கண்ணாடி ஆட்டமும் அவர் வழியாக வந்தவைதான். 1946-ல் ஹாலிவுட்டில் 'யங் ஆக்டர்ஸ் கம்பெனி' என்று சிறுவர்களுக்காகவே ஒரு குழு ஆரம்பித்தார். அவருடைய மகன் பால் சில்ஸ் அதே விளையாட்டுகளைப் பெரியவர்களிடம் கொண்டுபோனார்; 1959 டிசம்பரில் சிகாகோவில் அவரும் நண்பர்களும் திறந்த 'செகண்ட் சிட்டி'யிலிருந்துதான் அமெரிக்க நகைச்சுவை நடிகர்களில் பாதிப் பேர் வந்தார்கள் என்றால் மிகை கொஞ்சம்தான்.

பிள்ளைகள் விளையாட்டு பெரியவர்கள் மேடைக்குப் போன கதை இது. நம் ஊரில் நடந்தது நேர் எதிர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்து நாடகக் குழு ஆரம்பித்ததற்குக் காரணமே, பெரிய நடிகர்கள் எழுதியதைப் பேசாமல் மேடையில் இஷ்டத்துக்குப் பேசுகிறார்கள் என்ற எரிச்சல்தான் என்று சொல்வார்கள். பையன்கள் என்றால் மனப்பாடம் செய்வார்கள், அடங்கி நிற்பார்கள். நான் மூன்று தாள்களோடு போனது சும்மா இல்லை, அதற்குப் பின்னால் ஒரு பரம்பரையே இருக்கிறது.

ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு சொல்லாகக் கதை சொல்லும் ஆட்டம் ஒன்று உண்டு. இதை உலகம் முழுக்கப் பரப்பியவர் கீத் ஜான்ஸ்டன், லண்டனில் ஆரம்பித்து கனடாவின் கால்கரியில் 1977-ல் 'லூஸ் மூஸ்' நாடகக் குழுவை நிறுவியவர், 2023-ல் தொண்ணூறு வயதில் இறந்தார். இந்த ஆட்டம் தமிழில் வேறு மாதிரி ஆகிவிடுகிறது என்பது என் கட்சி. இங்கிலீஷில் வினைச்சொல் முன்னாலேயே வந்து விழுந்துவிடும், யார் என்ன செய்தார் என்று பாதியிலேயே தெரிந்துவிடும். நமக்கு வினை கடைசியில். கடைசி ஆள் வாயில் மொத்த வாக்கியத்தின் தலையெழுத்தும் இருக்கிறது. நடுவில் இருப்பவனும் லேசுப்பட்டவன் இல்லை, 'ராஜா'வுக்குப் பின்னால் ஓர் உருபை ஒட்டினால் போதும், ராஜா செய்பவனா, படுபவனா என்பதே மாறிவிடும்.

எங்கள் வட்டத்தில் நான் ஆறாவது ஆள். "ஒரு", "ஊர்ல", "ராஜாவை" என்று வந்தது. பண்ருட்டி "எறும்பு" என்றான். என் வாயில் "கடிச்சுது" தயார். எனக்கு முன்னால் மணப்பாறை ஒருத்தன்தான் பாக்கி, 'நறுக்குன்னு' என்பது போல எதையாவது சொல்லுவான், நாம் முடித்துவிடலாம். அவன் நிதானமாக "மாப்பிள்ளை" என்றான். நான் "கடிச்சுது" என்றேன்.

ஒரு ஊர்ல ராஜாவை எறும்பு மாப்பிள்ளை கடிச்சுது. எல்லாரும் உருண்டு உருண்டு சிரித்தார்கள். "கேட்டுச்சு" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எறும்பு வீட்டில் கல்யாணம் நடந்திருக்கும், ராஜா சம்மதித்தாரா, பந்தியில் சர்க்கரை மட்டும்தான் பரிமாறினார்களா என்று கதை எங்கேயோ போயிருக்கும். நாலாவது சொல்லிலேயே நான் காதை மூடிவிட்டேன். பாட்டி கதை சொல்லும்போது 'உம்' கொட்டிக் கேட்ட பிள்ளைதானே நானும், அந்தக் காது எங்கே போனது?

இம்ப்ரோ என்றாலே எல்லாரும் உடனே சொல்வது, எதிராளி என்ன சொன்னாலும் 'ஆமா' சொல்லு, அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள் என்ற விதி. பிற்பாடு ஒரு கம்பெனியில் வேலை பார்த்தபோது குளுகுளு அறையில் உட்கார வைத்து, பிஸ்கட்டும் கொடுத்து, இதே விதியை அரை நாள் நடத்தினார்கள். எனக்கு அன்றைக்கு முகாமின் ஆறாம் நாள் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

அன்று முதலாளி-வேலைக்காரன் ஆட்டம். ஜான்ஸ்டன் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான்: இரண்டு பேர் சந்தித்தால் யார் மேலே, யார் கீழே என்பது அவர்கள் நிற்பதிலேயே, பார்ப்பதிலேயே தெரிந்துவிடும், பதவி வேறு, இது வேறு என்று. தமிழில் நிற்பதுவரை போகவே வேண்டாம், வாயைத் திறந்து 'வா' என்கிறாயா 'வாங்க' என்கிறாயா என்பதிலேயே பாதி நாடகம் முடிந்துவிடும். நான் முதலாளி. நாற்காலியில் சாய்ந்து, "டேய், இங்க வாடா" என்றேன். மணப்பாறை வந்தான். லீவு நாளில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போகிறவன் அவன். தோளில் இல்லாத துண்டு. "ஐயா, காலைக் கொஞ்சம் தூக்குங்க, துடைச்சிடுறேன்." தூக்கினேன். "அந்தக் காலுங்கய்யா." தூக்கினேன். "கையை மேசைலேர்ந்து எடுத்துக்குங்க. இன்னும் மேல. அப்படியே இருங்க, காயட்டும்." ரெண்டே நிமிஷம், இரண்டு காலையும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முதலாளி உட்கார்ந்திருக்கிறேன். ஓர் 'ங்க' குறையவில்லை அவன் பேச்சில். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த நடிப்புகளில் அது ஒன்று, அதற்கு ஒரு நாற்காலிதான் செலவு.

அடுத்த ஜோடியை அக்கா கூப்பிட்டார். வேலைக்காரனாக வரவேண்டியவன் எழுந்திருக்கவில்லை. அவன் ஊரைக்கூட இங்கே சொல்ல வேண்டாம். "நான் பண்ண மாட்டேங்க்கா," என்றான். "எங்க ஊர்ல இது நாடகம் இல்ல."

யாரும் பேசவில்லை. எதற்கும் 'ஆமா' சொல்லு என்று ஐந்து நாளாகச் சொல்லிக்கொடுத்த அக்கா என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தோம். "சரி தம்பி," என்றார். அன்றைக்கு அந்த ஆட்டம் அத்தோடு நின்றது. சாயங்காலம் கிணற்றடியில் அவனும் அக்காவும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், என்ன என்று தெரியாது. வாழ்நாளெல்லாம் 'சரிங்க' சொல்லியே வளர வேண்டியிருக்கிற ஒருத்தன் முதல்முறையாக 'மாட்டேன்' என்றதைத்தான் அந்த விளையாட்டு கொண்டுவந்தது, அதை அவர் தட்டிவிடவில்லை. பிஸ்கட் கொடுத்து நடத்துகிறவர்களுக்கு இது பிடிபடுமா என்று தெரியவில்லை.

கடைசி நாள் ஊர்க்காரர்கள் முன்னால் நிகழ்ச்சி. எழுத்துப் பிரதி எங்கே என்று யாராவது கேட்டால் என்ன செய்வீர்கள் என்று அக்காவிடம் கேட்டோம், காரணம் அவர்தான் எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தார்: நாடகம் போட முன்கூட்டியே பிரதியைக் கொடுக்க வேண்டும் என்று 1954-ல் வந்த சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தது. எம்.ஆர்.ராதாவை மனதில் வைத்துக் கொண்டுவந்த சட்டம் என்பார்கள், அன்றன்றைய அரசியலை மேடையிலேயே வசனத்தில் சேர்த்துவிடுகிற மனுஷன் அவர். இங்கிலாந்திலும் 1968 வரை இதே கதைதான், பிரதியை முன்னாலேயே காட்டி அனுமதி வாங்க வேண்டும், அதனால் ஜான்ஸ்டன் தன் குழுவின் நிகழ்ச்சியை 'வகுப்பு' என்று சொல்லிச் சமாளித்தார். நம் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளை, நாடகக்காரர் ஞாநி போட்ட வழக்கில், 2013 ஜனவரியில்தான் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. எங்கள் விஷயத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் பிள்ளைகள் ஆடுவதை யார் கண்டார்கள்.

ஊர்க்காரர்களிடம் ஓர் இடம் சொல்லச் சொன்னார் அக்கா. முன்வரிசைப் பாட்டி ஒருத்தர் யோசிக்கவே இல்லை, "ரேஷன் கடை." நானும் செய்யாறும் ஏறினோம். அவள் வரிசையில் நின்று, தேடி, பதறி, "அப்பா, கார்டை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்ப்பா" என்றாள். எவ்வளவு நல்ல ஆரம்பம்! பாவி நான், முந்தின நாள் ராத்திரியே ஒரு ஜோக் தயார் செய்து வைத்திருந்தேன். "யாரும்மா நீ? நான் எங்க உன் அப்பா?" என்றேன். கூட்டம் குபீரென்று சிரித்தது. சிரிப்பு அடங்கியது. அப்புறம் ஒன்றுமே இல்லை. அவள் என்னைப் பார்த்தபடி நிற்கிறாள், அப்பா இல்லை, கடை இல்லை, வரிசை இல்லை, வெறும் வராந்தா. ஒரு குழந்தை அழுவது மட்டும் கேட்டது. எத்தனை நொடி என்று தெரியாது, எனக்கு இன்றைக்கும் அது முடியவில்லை.

மணப்பாறைதான் வந்தான். கையில் மண்ணெண்ணெய் கேனைப் பிடித்த பிடி. வந்து நிதானமாகக் கேனைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் சொன்னான்: "மனசுல வச்சுக்காதம்மா. கார்டுலேர்ந்து அவரு பேரை நீக்கினாங்கல்ல, அன்னிலேர்ந்து இப்படித்தான். பெத்த பிள்ளையையே அடையாளம் தெரியல."

பாட்டி கைதட்டியதுதான் முதலில் கேட்டது. செய்யாறு என் கையைப் பிடித்தாள். நான் அவளை உற்றுப் பார்த்தேன், நடிப்பதற்காக இல்லை, வேறு என்ன செய்வதென்று தெரியாமல். "பச்சைப் பாவாடை போட்டிருப்பாளே, அந்தப் பிள்ளையா நீ?" என்றேன். அந்த வரி எந்தத் தாளிலும் இல்லை, அவள் அன்று பச்சைப் பாவாடை போட்டிருந்தாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் பத்து நிமிஷம் ஓடியது.

நாலு வருஷம் கழித்து, பங்குனித் திருவிழாவில் எங்கள் பக்கத்து ஊரில் வள்ளி திருமணம். சின்ன வயதில் அப்பா மடியில் தூங்கி வழிந்துகொண்டு பார்த்ததுதான், இந்தத் தடவை தூங்கவில்லை. நோட்டீஸில் நடிகர் படங்களுக்குக் கீழே பெயருக்கு முன்னால் ஊர், ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊர். ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது, இயக்குநர் கிடையாது, ஒத்திகை கிடையாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஏற்பாடு செய்வார்கள், அன்று ராத்திரிதான் மேடைக்குப் பின்னால் சந்திப்பார்கள். கதையும் பாட்டும் எல்லாருக்கும் தெரியும், ஆனால் வள்ளிக்கும் நாரதருக்கும், வள்ளிக்கும் முருகனுக்கும் நடக்கிற தர்க்கம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு நாரதர் வந்த பஸ் தாமதம். பபூன் தனியாளாக முக்கால் மணி நேரம் இழுத்தார், ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுத்தார், முன்னால் உட்கார்ந்திருந்த தலைவரின் செருப்பை வைத்து ஒரு பாட்டு, நடுவில் மேடையேறிய நாய்க்குட்டிக்கு ஒரு பட்டம். ஆர்மோனியம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இடைவெளியே தெரியவில்லை.

ராத்திரி இரண்டரை மணிக்கு மேடைக்குப் பின்னால் போனேன். ராஜபார்ட், முருகன் வேஷத்தோடு, கீற்றில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, இந்த வள்ளியோட முன்னாடி நடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"ரிகர்சல் எதுவுமே இல்லாம எப்படிண்ணே?"

"ஏன் இல்லாம? நேத்து காரைக்குடிப் பக்கம் வேற வள்ளியோட பண்ணுனேனே." அவர் கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அரிதாரத்துக்கு அடியில் ஒன்றும் தெரியவில்லை. அவர் என்னைக் கவனிக்கவே இல்லை, திரைக்கு அந்தப் பக்கம் வள்ளி பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு சொல் வந்தது, எனக்குச் சாதாரணமாகத்தான் பட்டது. சட்டென்று நிமிர்ந்தார்.

"இதைப் புடிங்க தம்பி."

பாதி டீயோடு கிளாஸை என் கையில் திணித்துவிட்டு மேடைக்குப் போய்விட்டார். கீழே மணல், பக்கத்தில் மேசை எதுவும் இல்லை, பெட்டிகள் மேலெல்லாம் துணி. தர்க்கம் முடியும்வரை கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.